ஜெனரேட்டர் நின்ற பிறகு

காலை ஏழு ஐம்பது. நேமத்தான்பட்டியில் எங்கள் பங்காளிகளின் பொது வீட்டுப் பின்வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு டீசல் ஜெனரேட்டர். போன சித்திரை மாதம், என் சித்தப்பாவுக்கு அறுபது வயது முடிந்து அறுபதாம் கல்யாணம். வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு அது. அன்றைக்கு மின்சாரத்தை நிறுத்தப்போவதாக முன்பே சொல்லியிருந்ததால் காரைக்குடியிலிருந்து ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கூடவே அதை இயக்குபவரும் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, கையில் எண்ணெய் துடைக்கும் துணி.

சோதனைக்காக அவர் அதை ஓடவிட்டதும் பின்கட்டே அதிர்ந்தது. சித்தப்பா காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இந்தக் கூப்பாட்டுல ஐயர் சொல்ற மந்திரம் யாருக்குக் கேக்கும்? அங்குட்டு அந்தக் கார் கொட்டகைக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்துங்கப்பா."

"கொட்டகைக்குள்ள வேணாம்யா. புகை போக வழி இல்லை. கதவைச் சாத்துனீகன்னா உள்ள நிக்கிற ஆளு செத்துப் போயிரும்."

அவர் சொன்னது சரி. அந்தக் கொட்டகை பின்தெருவைப் பார்த்துத் திறப்பது. மூன்று பக்கமும் சுவர், மேலே தளம், ஒரு ஜன்னல்கூட இல்லை, முன்னால் இரட்டைத் தேக்குக் கதவு. நானும் அவர் பக்கம் பேசினேன். முன்பு பத்திரிகையில் இருந்தபோது, மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடி ஆட்கள் இறந்த செய்தியை நானே இரண்டு பத்தியாகச் சுருக்கியிருக்கிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். ஜெனரேட்டர் தெருவிலேயே, கொட்டகைச் சுவரை ஒட்டி நின்றது. காலியாக இருந்த கொட்டகையில், வெயில் படாமல் இருக்கட்டும் என்று என் காரை விட்டேன்.

கார் வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. சின்ன ஹைப்ரிட் கார். பெட்ரோல் இன்ஜின் ஒன்று, பேட்டரி ஒன்று. மெதுவாகப் போகும்போது பேட்டரியில் ஓடும், வேகம் எடுத்தால் இன்ஜின் சேர்ந்துகொள்ளும். சாவியைத் திருக வேண்டாம், அது காருக்குள் இருந்தால் போதும், பொத்தானை அழுத்தலாம். நின்றுவிட்டால் இன்ஜின் தானாக அணையும், ஏ.சி. மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். எது எதற்குச் சக்தி கொடுக்கிறது என்பதை நடுத் திரையில் அம்புக்குறிகள் காட்டும்.

சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். எல்லாக் கதவையும் திறந்து காட்டினேன். சித்தப்பாவின் மருமகன் குனிந்து கீழே பார்த்தார்.

"என்னங்க, ஓடுதா நிக்குதான்னே தெரியலை. ஒங்க பேப்பர் மாதிரி, வர்றதும் தெரியாது போறதும் தெரியாது போல."

எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாமல் "பாதி கரண்ட் வண்டி" என்று சொல்லிவைத்தேன். பத்து மணிக்குள் வீடு முழுக்க அது "கரண்ட் வண்டி" ஆகிவிட்டது. பிழை திருத்துவதுதான் பல வருடம் என் பிழைப்பு. இதை நான் திருத்தவில்லை.

பதினோரு மணிக்கு மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் இணைப்பு சமையல் கட்டுக்கும் வளவில், அதாவது நடு முற்றத்தில், இருந்த மின்விசிறிகளுக்கும் மட்டும்தான். என் தங்கைக்கு அப்போது ஏழாவது மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த கர்ப்பம். முகமெல்லாம் வியர்த்து, பட்டுச் சேலையின் தலைப்பால் விசிறிக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தாள்.

"அண்ணே, அந்தக் கரண்ட் வண்டில கொஞ்ச நேரம் படுத்துக்கிறட்டா? அதுதான் ஓடாமலே குளிருமாமே."

மணி பன்னிரண்டு நாற்பது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, சத்தம் இல்லை, குளிர்ந்த காற்று வந்தது. முன் இருக்கையைச் சாய்த்துவிட்டேன். சாவியை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து ஹாரனை அடிக்க ஆரம்பித்தார்கள். அவர்களை விரட்டிவிட்டு, "உள்ள பூட்டிக்க" என்று அவளிடம் சொன்னேன். கார்க் கதவுகள் பூட்டிக்கொண்டதைக் கேட்டேன். பிறகு கொட்டகையின் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தி, வெளியே நாதாங்கி போட்டேன். பிள்ளைகள் தொந்தரவு செய்யக்கூடாதே என்ற ஒரே எண்ணம்தான்.

ஒன்று முப்பத்தைந்துக்கு இரண்டாம் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன். மின்விசிறிகள் சுற்றி நின்றன. ஜெனரேட்டர் ஓய்ந்தது. ஜெனரேட்டர்காரர் டீசல் ஊற்றப்போகிறார் என்று தெரியும். காலையிலிருந்து காதில் இருந்த இரைச்சல் போனதும் இலையில் கரண்டி படுவதுகூடக் கேட்டது. சாம்பார் வாளியை வைத்துவிட்டு, தங்கைக்கும் பசிக்குமே என்று பின்தெருவுக்கு வந்தேன்.

அவர் டீசல் கேனைக் கையில் பிடித்தபடி, ஊற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, நான் நிப்பாட்டிட்டேனே. அப்ப எது ஓடுது?"

கொட்டகைக்குள் ஓர் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மெல்லிய, சீரான சத்தம். கதவில் கை வைத்தேன். பலகை அதிர்ந்தது.

பேட்டரி இறங்கினால் இன்ஜின் தானாகவே இயங்கி அதை நிரப்பும். காரை விற்றவர் சொன்ன முதல் விஷயமே அதுதான். காலையில் அதை நானும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

நாதாங்கி ஒரு முறை கையிலிருந்து நழுவியது. கதவு திறந்ததும் முகத்தில் அடித்தது வெப்பம். பெரிய நாற்றம் எதுவும் இல்லை, புகையும் கண்ணுக்குத் தெரியவில்லை. திரையில் அம்புக்குறி இன்ஜினிலிருந்து பேட்டரிக்குப் போய்க்கொண்டிருந்தது. தங்கை தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் தட்டினேன். பெயர் சொல்லிக் கத்தினேன். அவள் அசையவில்லை. கார் உள்ளிருந்து பூட்டியிருந்தது. ஒரே சாவி அவள் மடியில்.

"தள்ளுங்கண்ணே!"

ஜெனரேட்டர்காரர் பெரிய ஸ்பேனரோடு வந்தார். அவள் மேல் கண்ணாடி விழாதபடி பின்கதவுக் கண்ணாடியில் அடித்தார். இரண்டாவது அடியில் அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. கையை விட்டுக் கதவைத் திறந்து, பின்பக்கமாக உள்ளே போய் முன்கதவையும் திறந்தார். இரண்டு பேருமாக அவளைத் தெருவுக்குத் தூக்கிவந்தோம். முகம் வெளிறவில்லை, சிவந்திருந்தது. விஷப்புகை ரத்தத்தில் ஏறினால் அப்படிச் சிவக்கும் என்று நான் சுருக்கிய அந்தச் செய்தியில் இருந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

பந்தியிலிருந்து எழுந்த ஆட்கள் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள். எங்களைப் பெற்ற ஆத்தா வந்த வேகத்தில் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கூட்டம் போடாதீக! அங்குட்டுப் போங்க, காத்து வரட்டும்," என்று ஜெனரேட்டர்காரர் கையை விரித்து மறித்தார். கொஞ்ச நேரத்தில் தங்கை வாந்தி எடுத்தாள். "தலை வெடிக்குதுண்ணே" என்றாள். உயிர் இருக்கிறது என்று அப்போதுதான் நிச்சயமானது. என் காரை யாரும் தொடவில்லை. சமையல் சாமான் வந்த வேனில் ஏற்றினோம்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"எத்தனை நிமிஷம் உள்ளே இருந்தாங்க?"

ஐம்பத்தைந்து என்றேன். இன்ஜின் அதில் எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியவில்லை. அவர் அதை எழுதிக்கொண்டு, ஆக்சிஜன் முகமூடியை மாட்டச் சொன்னார்.

"இவங்க தேறிடுவாங்க. குழந்தையைத்தான் பார்க்கணும். இந்தப் புகை அம்மாவை விடக் குழந்தையைத்தான் அதிகமா பாதிக்கும்."

ஸ்கேன் அறைக் கதவு இரண்டு ஐம்பதுக்குச் சாத்தப்பட்டது. வெளியே நின்றேன். உள்ளே எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் ஏதோ முணுமுணுத்தார். மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. காலையில் ஒரு சத்தமும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு சத்தத்துக்காகக் கதவில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி இரண்டு நிமிடத்துக்குக் கேட்டது, குழந்தையின் இதயத் துடிப்பு. குதிரை ஓடுவதுபோல, வேகமாக, விடாமல்.

ஜெனரேட்டர்காரரை அன்று மாலை தேடினேன். அடுத்த வேலைக்குப் போய்விட்டிருந்தார். இரண்டு நாள் கழித்து அவர் கடைக்குப் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும், "தங்கச்சி நல்லா இருக்குல்ல? அது போதும்ணே. கண்ணாடிக்குக் காசு கேக்க வந்துட்டீகளோன்னு பயந்துட்டேன்," என்று சிரித்தார்.

அடைத்த இடத்தில் வண்டியை இயக்கத்தில் விடக்கூடாது என்று காரின் கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிறகுதான் படித்தேன். அந்த ஆபத்து எனக்குத் தெரியாதது அல்ல. காலையில் என் வாயாலேயே சொன்னதுதான். சத்தம் போட்டதை இன்ஜின் என்று நினைத்தேன், சத்தம் போடாததை நினைக்கவில்லை. இன்றைக்கும் காரை நிறுத்தி இறங்கிய பிறகு, திரும்பிப்போய் பொத்தானின் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.

தங்கைக்கு ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. ஒவ்வொரு மாதமும் தவறாமல் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறாள். இதுவரை டாக்டர்கள் குறை எதுவும் சொல்லவில்லை.

எங்கள் பொது வீட்டில் பதினோரு பங்கு. ஒரு குழாய் மாற்றுவதற்கே எல்லோரும் சம்மதிக்க இரண்டு வருடம் ஆனது. அந்தக் கொட்டகையின் தேக்குக் கதவுகளைக் கழற்ற நான்கே நாள்தான் ஆனது.