அண்ணியின் சீமைக் கார்

அண்ணன் அந்தக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அதன் பின்சீட்டில் பெரணிச் செடி முளைத்திருந்தது. குன்னூரில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது, கொட்டகையில் கிடந்த அந்தச் சீமைக் காரையும் விற்றுவிட்டார்கள். உருண்டை மூக்கு, வட்ட விளக்குகள், இரண்டு பேர் தாராளமாகவும் நான்கு பேர் நெருக்கிக்கொண்டும் உட்காரக்கூடிய சின்ன வண்டி. டிராக்டரில் கயிறு கட்டி எங்கள் ஊர் அரவேணுவரை இழுத்து வந்தார்கள். வழியெல்லாம் தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்று பார்த்ததாக அண்ணன் பெருமையோடு சொன்னார். வாசலில் நின்றிருந்த அண்ணி கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "தோட்டத்தோட சேர்த்து வாங்கியாந்திருக்கீங்களாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அண்ணன் வங்கியில் குமாஸ்தா. ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் கோயமுத்தூர் போய் வரும்போதெல்லாம் காருக்கு ஏதாவது வாங்கி வருவார். ஒரு தடவை ஹாரன், ஒரு தடவை விளக்கு வளையம், இன்னொரு தடவை கதவுக் கைப்பிடி. அவற்றைச் செய்தித்தாளில் பரப்பி வைத்துக்கொண்டு முகம் தெரியும்வரை தேய்ப்பார். துருப்பிடித்த வண்டியை மட்டும் தொடவே மாட்டார். "உங்கண்ணன் கழுத்தில்லாத பொண்ணுக்கு நெக்லஸ் வாங்கிட்டிருக்காரு தம்பி" என்று அண்ணி என்னிடம் சிரிப்பார். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அண்ணன் பயந்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. துருவைச் சுரண்ட ஆரம்பித்தால் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது தெரிந்துவிடும். தொடாத வரைக்கும் அது முழுக் கார்.

ஒரு காலையில் வங்கியிலேயே அவருக்கு நெஞ்சு வலித்தது. கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. காரியம் முடிந்த கையோடு அண்ணி எல்லா அலமாரிகளையும் திறந்து, அண்ணனின் சட்டை, செருப்பு, கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே நாளில் யார் யாருக்கோ எடுத்துக் கொடுத்தார். நல்ல தைரியம் என்று வந்தவர்கள் பாராட்டினார்கள். மறுநாளிலிருந்து அண்ணி படுக்கையைவிட்டு எழவில்லை. அழவும் இல்லை. குன்னூரில் தேயிலை ஏல அலுவலக வேலை முடிந்து நான் பஸ் பிடித்து வந்து பார்க்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்தபடியே படுத்திருப்பார்.

அண்ணியின் அண்ணன் கோயமுத்தூரில் அரிசிக் கடை வைத்திருப்பவர். தங்கைமேல் உயிர். அவளைத் தனியாக இந்தக் குளிரில் விட்டுவைக்க அவருக்கு மனமில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவளைத் தன்னோடு அழைத்துப்போவது என்று முடிவு செய்தார். அண்ணியும் சரி என்றே சொல்லியிருந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற காரை எடுத்துப்போகப் பழைய இரும்புக்காரர்களை அவரே வரச்சொன்னார். லாரி வந்த அன்று நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

ஆட்கள் சங்கிலியை எடுத்து வைத்தார்கள். அண்ணி எழுந்து வந்து எல்லோருக்கும் டீ கொடுத்தார். கடைசி டம்ளரையும் கொடுத்தபின், தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் காரின் கதவைத் திறந்தார். அது ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளே ஏறி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"எறங்கி வா அம்மிணி. துருப்புடிச்ச தகரம் இது" என்றார் அவருடைய அண்ணன்.

"தெரியுமுங்கண்ணா."

"அப்பறம் என்னத்துக்குக் கண்ணு உள்ள போயி உக்காந்திருக்கறே?"

"அவரு ஒரு நாளுகூட இதுல உக்காரலீங்கண்ணா. நின்னு நின்னு பார்த்துட்டே போயிட்டாரு. நானாச்சும் உக்காந்துக்கறேன்."

இரும்புக்காரர்கள் டீயைக் குடித்துவிட்டுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அவருடைய அண்ணன் காரின் முன்பக்கத்தில் கைவைத்தபடி வெகுநேரம் நின்றார். தங்கையை அழைக்காமல் தனியாகக் கிளம்பும்போது, "சாப்புடறாளான்னு மட்டும் பார்த்துக்கோங்க மாப்ள" என்று என்னிடம் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் வாங்கிவந்து ஆரம்பித்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை சுரண்டியிருக்கிறார். கூரை, முன்மூடி, கதவுகள் எல்லாம் வெள்ளி மாதிரி ஆகிவிட்டன என்று போனில் சொன்ன குரலில் பழைய துள்ளல் இருந்தது. மறுநாள் காலையிலேயே மறுபடி அழைத்தார். "தம்பி, நேத்துப் பண்ணுனதெல்லாம் போச்சுங்க" என்றார். இரவு இறங்கிய பனிமூட்டம், திறந்து கிடந்த இரும்பு முழுவதையும் புதுத் துருவால் மஞ்சள் பூசியதுபோல் ஆக்கியிருந்தது.

ஆறுதல் சொல்லும் வார்த்தைகளை யோசித்துக்கொண்டே அன்று மாலை போனேன். அண்ணி படுத்திருப்பார் என்று நினைத்தேன். ஆனால் வாசலில் உட்கார்ந்து ஒரே ஒரு கதவுக்குச் சிவப்பு பிரைமர் அடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஊருல இரும்பத் தொறந்து அப்படியே உடப்படாதுங்க தம்பி. முடிஞ்ச மட்டும் சுரண்டோணும். பனி எறங்கறதுக்குள்ள அதுக்குப் பூச்சுக் குடுத்து மூடிரோணும். நான் அத்தனையவும் ஒரே நாளுல தொறந்துட்டேன்" என்றார் பிரஷ்ஷிலிருந்து கண்ணெடுக்காமல். எனக்கு அந்த அலமாரிகள் ஞாபகம் வந்தன. அவருக்கும் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு துண்டாகத்தான் வேலை நடந்தது. மழை நாட்களில் அதுவும் இல்லை. மேலே எல்லாம் சிவப்பாக மாறிய பிறகு வெல்டிங் பட்டறை பாயை வரவழைத்தார். அன்று நானும் போயிருந்தேன். பாய் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே தட்டிப் பார்த்தார். "தரையே இல்லீங்க அக்கா. இத்தன நாளும் வெறும் துருவத்தான் மிதிச்சுட்டிருந்திருக்கறீங்க. வெட்டி எடுத்துட்டுப் புதுசு வெக்கோணும்" என்றார்.

அண்ணி முதன்முறையாகத் தயங்கினார். "வெட்டுனா வண்டி ரெண்டாப் போயிராதுங்களா?"

"முட்டுக் குடுத்துட்டுத்தானுங்க வெட்டுவோம்."

பாய் கட்டைகளை முட்டுக்கொடுத்து, தரையை வெட்டி எடுத்து ஓரமாகப் போட்டார். காய்ந்த வெற்றிலைபோல் அது நொறுங்கியது. தகரம் வாங்க அவர் கடைக்குப் போன நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அண்ணி சமையலறையிலிருந்து இரண்டு முக்காலிகளை எடுத்துவந்து காருக்குள் போட்டார். "நனையாதீங்க தம்பி, உள்ள வாங்க" என்றார். இருவரும் அருகருகே உட்கார்ந்தோம். தலைக்கு மேல் கூரை, முன்னால் கண்ணாடி, காலுக்குக் கீழே எங்கள் வாசலின் செம்மண். மழைத்தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து எங்கள் பாதங்களுக்கு நடுவே ஓடி மறுபக்கம் வெளியேறியது.

அண்ணி குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கண்ணன் இருந்து இந்தக் கோலத்தப் பார்த்திருந்தாருன்னா அப்பவே உசுர உட்டிருப்பாரு" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கமுடியாமல் இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலேயே எங்கோ அவர் குரல் உடைந்தது. அண்ணன் போனபின் அண்ணி அழுது நான் பார்த்தது அன்றுதான். மழையைவிடச் சத்தமாக, ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.

பாய் புதுத் தகரத்தைத் தலைக்குமேல் குடைபோலப் பிடித்தபடி திரும்பி வந்தார். எங்களைப் பார்த்ததும் வேலிப் படலைத் தாண்டாமல் அங்கேயே மழையில் நின்றுகொண்டார். தகரத்தின்மேல் மழை சடசடத்தது. வெகுநேரம் கழித்து அண்ணி தலையை நிமிர்த்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க பாய். அளவு எடுங்க" என்றார்.