ஓடுவதற்கு எத்தனை இங்கிலீஷ் சொல்

கல்யாணமான மறு வருஷம் அவர் என்னைக் கொல்லிமலைக்கு அழைத்துப் போனார். காளப்பநாயக்கன்பட்டியில் பிறந்த எனக்கு அதுவரை அது வாசலில் நின்று பார்க்கிற மலை, அவ்வளவுதான். அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் காப்பித் தோட்டத்தில் அவர் கணக்குப்பிள்ளை. அப்போது மேலே போக ரோடு கிடையாது. விடியும் முன் அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால் வெயில் சாயும்போது தோட்டத்துக்குப் போய்ச் சேரலாம்.

எங்கள் முதல் பிள்ளை அங்கேதான் பிறந்தான். உட்காரப் பழகுகிற வயதில் மலைக்காய்ச்சலில் போய்விட்டான். அவனைப் புதைத்த இடத்தில் பலாமரம் ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் போகாமல் தண்ணீருக்குச் சுற்றுவழியில் போய்வந்தேன். மறுபடி வயிற்றில் தங்கியதும் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்.

"இதயாவது கீழ வெச்சுப் பெத்துக்கலாமுங்க. நாம எல்லாருமே கீழ போயிரலாமுங்க."

"வேலை வேணுமே கண்ணு" என்றார்.

வேலைக்கும் ஒரு வழி பிறந்தது. துரையின் தம்பி சேலத்தில் வியாபாரம் வைத்திருந்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுதத் தெரிந்த குமாஸ்தா தேவைப்பட்டார். மழைக்காலம் முடிந்ததும் தானே சோதித்துப் பார்ப்பதாகத் துரை சொன்னார். அவர் சொல்லச் சொல்ல ஒரு கடிதத்தைப் பிழையில்லாமல் எழுதவேண்டும்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவர். எழுத்து அழகாக இருக்கும். ஆனால் துரை பேசினால் திணறுவார். துரை எதிலும் அவசரக்காரர். அவர் பேச்சில் பாதி வேகத்தைச் சொல்லும் சொற்கள். ஆள் ஓடினால் ஒன்று, குதிரை மிரண்டு ஓடினால் வேறொன்று, வேலையை முடுக்க இன்னொன்று. எங்களிடம் ஒரே பொருள் தரும் சொற்களைச் சேர்த்துப் போட்ட பழைய புத்தகம் ஒன்று இருந்தது. ஓடுவதைப் பற்றிய பக்கத்தில்தான் அவர் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஓடையில் துணி துவைப்பேன். அவர் பாறைமேல் உட்கார்ந்து உரக்கச் சொல்வார். ரன், ரஷ், டாஷ், டார்ட், போல்ட், ஹேஸ்டன், ஸ்காம்பர். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

"ஏனுங்க, ஓடறதுக்கு ஒரு சொல்லு பத்தாதுங்களா அவிங்களுக்கு?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஓட்டம் புள்ள. போல்ட்டுன்னா கயித்த அறுத்துக்கிட்டு மாடு ஓடுதே, அது." ஓடையைக் காட்டினார். என் நிழல் பட்டதும் மீன்குஞ்சுகள் சரேலென்று பாறையடியில் மறைந்தன. "டார்ட்டுன்னா இது. ஸ்காம்பர்னா அணிலு, எலி, பள்ளிக்கூடம் விட்டா பசங்க."

"ரஷ்ஷுன்னா?"

"மழ பேஞ்சா இந்த ஓட வருமே, அப்படி."

"நாம ஓடறதுக்கு என்னங்க சொல்லு?"

"நாம எங்க ஓடறோம்?" என்று சிரித்தார். அந்த மலையில் அவர் சிரித்து நான் பார்த்த கடைசி நாட்கள் அவை.

மழை நின்ற கையோடு அவருக்குக் காய்ச்சல் வந்தது. குளிர் உதறும். நான் கம்பளிக்கு மேல் கம்பளி போட்டு, அதற்கும் மேல் அவர்மேல் சாய்ந்துகொள்வேன். தோட்டத்தில் மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுப்பார்கள். வேளைக்கு இவ்வளவு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சோதனை நாள் நெருங்க நெருங்க, அன்றைக்குக் குளிர் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், வாங்கி வைத்திருந்ததையெல்லாம் அவர் அள்ளி அள்ளி விழுங்கினார்.

"காது இரையுது புள்ள" என்றார் ஒரு காலையில். "அருவிக்குப் பக்கத்துல நிக்கற மாதிரி இருக்குது."

"மாத்திரய நிறுத்துங்க. அதாலதான் இப்படி."

"சோதனை முடியட்டும். அப்பறம் தானா நின்னுரும்."

குளிர் நின்றது. அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் நின்றது. நேரில் நின்று உரக்கச் சொன்னால் மட்டும் ஏதோ புரிந்துகொள்வார். ஒத்திப்போடச் சொல்லித் துரையிடம் கேளுங்கள் என்று கெஞ்சினேன். ஒத்திப்போட்டால் வேறு ஆளைப் பார்த்துவிடுவார் என்றார். நான் வாசலில் நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்வேன். என் வாயையே பார்த்துக்கொண்டு எழுதுவார். துரைக்கு வாயை மறைக்கிற மீசை உண்டு என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

சோதனை நடந்த அறையில் கங்காணியும் இருந்தார். நடந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார். துரை தன் வழக்கப்படி அறையில் நடந்துகொண்டே சொல்லியிருக்கிறார். பாதி நேரம் அவர் முதுகுதான் இவருக்குத் தெரிந்தது. இவர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். முடித்ததும் துரை காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஏதோ கேட்டார். இவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். துரை பின்னால் போய்க் கையைத் தட்டினார். இவர் திரும்பவில்லை.

"தொரை திட்டலீங்க அம்மிணி" என்றார் கங்காணி. "பாவம்னு தோள்ல தட்டிக் குடுத்தாருங்க. அதான் எனக்கு மனசு தாங்கல."

வீட்டுக்கு வந்த அவர் சட்டையைக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தார். என்ன ஆச்சு என்று நான் கேட்டாலும் அவருக்கு எட்டியிருக்காது.

"வேகமா ஏதோ போகுதுன்னு மட்டும் புரிஞ்சுது" என்றார். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "எந்த ஓட்டம்னு தெரியல. எல்லா எடத்துலயும் ரன்னுன்னே போட்டுட்டேன்."

சேலத்து வேலைக்கு வேறு ஒருவர் போனார். கணக்கு எழுதும் வேலையும் கொஞ்ச நாளில் கைமாறியது. காய்கிற காப்பிக்கொட்டைக்குக் காவல் இருக்கட்டும் என்று துரை இவரைக் களத்தில் வைத்துக்கொண்டார். எனக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. செவிடனை யார் வேலைக்கு வைப்பார்கள், இருக்கிறதையும் விட்டுவிட்டு உன் அப்பன் ஊட்டில் வந்து உட்காரவா என்று சொல்லி, அவர் மேலேயே தங்கிவிட்டார். நான் மட்டும் இறங்கினேன்.

கீழே பெண் குழந்தை பிறந்தது. பிழைத்தது. அதற்கு நான் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. அவ்வளவு வறண்டுபோயிருந்தேன்.

எப்போதாவது அவர் இறங்கி வருவார். தன் குரல் தனக்கே கேட்காததால் கத்திப் பேசுவார். குழந்தை பயந்து என் சேலைக்குள் முகம் புதைத்துக்கொள்ளும். அது மழலையில் என்னென்னவோ பேசும். அவர் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். சிறுபிள்ளை வாயில் எந்தச் சொல்லும் நின்று நிதானமாக வராது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். எங்கள் வீட்டில் யாரும் அவரை ஒன்றும் சொன்னதில்லை. ஆனாலும் வருவது குறைந்தது. வந்தபோதும் பேசுவது குறைந்தது. நான் பலகையில் எழுதிக் காட்டினால் தலையசைப்பார். பதிலுக்கு எழுதமாட்டார்.

குழந்தைக்குப் பால்பல் விழுந்த வருஷம், ஐப்பசி மழையில், தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. காய்ச்சல் என்றார்கள். அண்ணனோடு அன்றைக்கே ஏறினேன். வழியெல்லாம் வழுக்கியது. நாங்கள் போவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. மழையில் வைத்திருக்க முடியவில்லை என்றார்கள்.

கடைசியில் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் பக்கத்துக் காட்டில் ராகி விதைக்கிற மலைக்காரப் பெண். அவளிடம் கேட்டேன்.

"எதாச்சும் சொன்னாருங்களா?"

"இல்லீங்க அம்மிணி. அவரு பேசறத உட்டு ரொம்ப நாளாச்சுங்களே. கொய்னா குடுத்தாங்க, வாயத் தொறக்கவே மாட்டேன்னுட்டாரு. கைய நீட்டித் தள்ளிட்டாருங்க."

அவரையும் பலாமரத்துப் பக்கம்தான் வைத்திருந்தார்கள். மண் இன்னும் இறுகவில்லை. அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகை வரும் என்று நின்றேன். வரவில்லை. நாங்கள் இருந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்; அவர் களத்துக் கொட்டகைக்கு மாறி ரொம்ப நாளாகிறதாம். கூரைக்குப் புதுப் புல் போட்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் களத்திலிருந்து எடுத்துவைத்திருந்த அவருடைய சட்டையையும் கம்பளியையும் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, உள்ளே குழந்தை அழுகிறது என்று போய்விட்டாள்.