பெரியப்பா தீர்ப்புச் சொன்ன பாலே

எங்கள் வீட்டில் ஆட்டமோ பாட்டோ நாடகமோ, அது நன்றாக இருந்ததா இல்லையா என்பதைப் பெரியப்பாதான் முடிவு செய்வார். மற்றவர்களுக்கும் கண் இருந்தது; கருத்து இருக்கிறதா என்று அவர் யாரையும் கேட்டதில்லை. வல்லத்திராக்கோட்டை மாரியம்மன் திருவிழா நாடகத்துக்குப் புதுக்கோட்டை போய், வெற்றிலை பாக்கு வைத்து நடிகர்களைப் பேசிவிட்டு வருகிற பொறுப்பு பல வருடங்களாக அவரிடம் இருந்தது. ராஜபார்ட்டுக்கு யார், ஸ்திரீபார்ட்டுக்கு யார், பபூனுக்கு யார் என்று அவர் பொருத்தம் பார்ப்பதில் கல்யாணத் தரகர் தோற்றுப்போவார். நாடகம் முடிந்த மறுநாள் காலையில் டீக்கடை பெஞ்சில் அவர் வந்து உட்கார்ந்தால், நாலு பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால் துபாயிலிருந்து லீவில் வந்த சித்தப்பா ஒரு பென் டிரைவில் பாலே நடனத்தைக் கொண்டுவந்தபோது, அதுவும் பெரியப்பா முன்னால் போய் நிற்க வேண்டியதாயிற்று. எனக்கு அப்போது ஒன்பது வயது.

சித்தப்பா அங்கே ஒரு பெரிய அரங்கத்தில் மேடை விளக்கு வேலை பார்த்தார். போன புதிதில் போனில் அண்ணனிடம், "ஆடுறவங்களுக்கு லைட்டு பிடிக்கிறேண்ணே" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் பெரியப்பாவின் கண்முன்னால் வந்தது எங்கள் ஊர் மாப்பிள்ளை அழைப்பு. டியூப் லைட் கட்டிய சட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, ஜெனரேட்டர் வண்டிக்கு முன்னால் வரிசையாக நடந்து போவார்களே, அந்த வேலை. விமானம் ஏறிப் போன தம்பி அங்கே போய்த் தலையில் லைட் சுமக்கிறான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. விசாரித்தவர்களிடமெல்லாம் "எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர்" என்று சொல்லி வைத்துவிட்டார். லீவில் வந்த சித்தப்பாவை டீக்கடையில் யாரோ "வாங்க சூப்பர்வைசர்" என்று அழைத்தபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. மனிதருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது என்று அப்பா வந்து அம்மாவிடம் சொன்னார்.

சித்திக்கும் அந்த வேலை மேல்தான் கோபம், ஆனால் காரணம் வேறு. கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே சித்தப்பா கிளம்பிவிட்டார். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தனக்கென்று ஒரு பொழுது கிடைக்கும்போது சித்தி போன் போடுவாள். மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவர் எடுக்கமாட்டார். திரும்ப அவர் கூப்பிடும்போது இங்கே ஊரே அடங்கியிருக்கும். சித்தி தூங்கியிருப்பாள், அல்லது தூங்கிவிட்டவள்போல் இருப்பாள். "வேலையில இருந்தேன்" என்பதுதான் எப்போதும் அவர் பதில். "பொண்டாட்டி போனை எடுக்க விடாத அப்படி என்ன வேலைக்கா அது?" என்று சித்தி அம்மாவிடம் கேட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அவர் ஊருக்கு வந்த பிறகும் சித்தி சோறு போடுவதிலும் துணி துவைத்துப் போடுவதிலும் ஒரு குறையும் வைக்கவில்லை. பேச்சைத்தான் எண்ணெய்போல் அளந்து அளந்து ஊற்றினாள்.

தான் பார்க்கிற வேலையை வீட்டில் உள்ளவர்கள் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று சித்தப்பா நினைத்திருக்க வேண்டும். ஆனால் தானாக வாயைத் திறந்து சொல்ல அவருக்குக் கூச்சம். பார்த்துவிட்டு அண்ணன் வாயால் ஒரு நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருந்தார். லீவு முடியப்போகும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கறிச்சோறு சாப்பிட்டு எல்லோரும் வீட்டில் இருந்த நேரம் பார்த்து டி.வி.யில் பென் டிரைவைச் செருகினார்.

பெரியப்பாவுக்கு நாற்காலி. பெரியம்மாவும் அம்மாவும் பாயில். அப்பா சுவரில் சாய்ந்த மாத்திரத்தில் தூங்கிவிட்டார். சித்தி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். முறத்தில் மொச்சையை எடுத்துக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். சித்தப்பா எழுந்து ஜன்னல்களைச் சாத்தினார். "புழுங்குதுப்பா, தொறந்து விடு" என்றார் பெரியப்பா. சித்தப்பா திறந்து விட்டார். டி.வி.யில் பாதி எங்கள் ஜன்னல்தான் தெரிந்தது.

திரை விலகியது. குடைபோல் விரிந்த வெள்ளைப் பாவாடையோடு ஒரு பெண் கால்விரல் நுனியில் நடந்து வந்தாள். கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. "நகம் பேந்துராது?" என்று பெரியம்மா கவலைப்பட்டாள். பிறகு இளவரசன் மாதிரி ஒருவன் வந்தான். கறுப்பு உடுப்பில் இன்னொருவன் வந்தான்.

"எப்ப பேசுவாங்க?" என்று பெரியப்பா கேட்டார்.

"பேச மாட்டாங்கண்ணே. ஆட்டந்தான்."

"ஆர்மோனியக்காரரு எங்கிட்டு உக்காந்திருக்காரு?"

"வாசிக்கிறவங்க கீழ பள்ளத்துல இருப்பாங்கண்ணே. தெரிய மாட்டாங்க."

பெரியப்பா சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தார். வாசிக்கிற மனிதர்களைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் உட்காரவைக்கிற ஊரைப் பற்றி அவருக்கு அப்போதே ஒரு முடிவு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பபூன் வருவானா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சித்தப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். பெரியப்பா நினைத்ததைத்தான் நானும் நினைத்திருந்தேன். மேடை ஓரத்தில் எங்கேயாவது தலையில் லைட்டோடு நின்றுகொண்டிருப்பார், கண்டுபிடித்து எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று ஆசை. எவ்வளவு தேடியும் காணோம். பொறுக்கமாட்டாமல், "நீங்க எங்க நிக்கிறீங்க சித்தப்பா?" என்று கேட்டேன்.

"நான் எதிர்ல ஒசரத்துல இருக்கேன் ஆத்தா. அந்தப் புள்ளையச் சுத்தி வட்டமா வெளிச்சம் போகுதுல்ல, அதைத்தான் நான் பிடிக்கிறேன்" என்றார் சித்தப்பா. மெதுவாகத்தான் சொன்னார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆள் தெரியாமல் வெறும் வெளிச்சம் தெரிந்தால் அதை யாரிடம் காட்டுவது?

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் மேடை முழுக்க இருண்டது. அந்தப் பெண் மட்டும் தனியாக ஆடினாள். நின்ற இடத்தில் சுற்றினாள், சுற்றிக்கொண்டே அந்தக் கோடிக்குப் போனாள், திடீரென்று திரும்பி இந்தக் கோடிக்கு ஓடி வந்தாள். வட்ட வெளிச்சமும் கூடவே போய்க் கூடவே வந்தது. அவள் உட்கார்ந்தபோது சின்னதானது, கையை விரித்தபோது பெரிதானது. சித்தப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த அவர் இரண்டு கைகளும் எதையோ பிடித்திருப்பதுபோல் மடங்கி, இங்கிட்டும் அங்கிட்டும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன. அவருக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தியும் சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் டி.வி.யைப் பார்க்கவில்லை. மொச்சையும் உரிக்கவில்லை. அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் வரிசையாக வந்து குனிந்து கும்பிட்டார்கள். கைதட்டல் ஓயவே இல்லை. சித்தப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். டீக்கடை பெஞ்சில் தொண்டையைச் செருமுவதுபோலவே செருமினார்.

"அந்தப் புள்ள நல்லா ஆடுது. அதுல கொறை சொல்லப்படாது. வசனம் இல்ல, பாட்டு இல்ல, பபூன் இல்ல, சரி, அது அவுக வழக்கம். ஆனா ஒண்ணுப்பா. அம்புட்டுப் பெரிய கொட்டகையில மேடைய இப்படி இருட்டாவா போட்டு வச்சிருப்பாங்க? நாலு டியூப் லைட்டு போட்டிருந்தா மொகமாச்சும் தெளிவாத் தெரிஞ்சிருக்கும்ல?"

"ஆமாண்ணே" என்றார் சித்தப்பா.

பெரியப்பா திருப்தியாக எழுந்து வெளியே போனார். தம்பியின் மனதை நோகடிக்கும் எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. உண்மையைச் சொன்னால்தான் அடுத்த முறை திருத்திக்கொள்வார்கள் என்பது அவர் கொள்கை. பெரியம்மாவும் அம்மாவும் எழுந்து போனார்கள். சித்தப்பா பென் டிரைவைப் பிடுங்கப் போனவர் பிடுங்காமல் டி.வி. முன்னாலேயே நின்றார். இப்போது நினைத்தாலும் எனக்கு அந்த முதுகைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே கவலை, கார்ட்டூன் எப்போது போடுவார் என்பதுதான்.

சித்தி முறத்தை வைத்துவிட்டு வந்தாள். லீவில் அவர் வந்ததிலிருந்து அவளாகப் போய்ப் பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

"அந்த வட்டத்தைப் பிடிக்கிறது நீங்களா?"

சித்தப்பா தலையை ஆட்டினார்.

"ரெண்டு கையும் அதுலதான் இருக்குமா?"

"ஆமா. ஒரு கையில திருப்பணும், ஒரு கையில பெருசு சின்னது பண்ணணும்."

"ஒரு கைய எடுத்தா?"

"அந்தப் புள்ள இருட்டுக்குள்ள போயிரும்."

"எந்நேரம் ஆரம்பிப்பாங்க?"

"நம்ம ஊருக்கு ஒம்போது மணி."

சித்தியின் கண் கலங்கியிருந்தது. மொச்சைக்கா கண் கலங்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள். "ஒரு எடத்துலகூட வட்டம் அந்தப் புள்ளைய விட்டு வெலகலங்க. அது தனியா ஆடுற எடத்தை இன்னொருக்கப் போடுங்க."

சித்தப்பா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வந்து மறுபடி போட்டார். இருவரும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்ததையே திரும்பப் பார்க்கும் இவர்களோடு இனிக் கார்ட்டூனுக்கு வழியில்லை என்று நான் விளையாடப் போய்விட்டேன்.

லீவு முடிந்து சித்தப்பா போய்ச் சேர்ந்தார். பெரியப்பா சூப்பர்வைசர் என்ற பேச்சிலிருந்து இறங்கவே இல்லை. சித்திதான் மாறிப்போனாள். ராத்திரி பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு வந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவைகூடப் போன் போடமாட்டாள். முன்பாவது மணி அடித்துக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லாமல் போனதால், பெரிய சண்டை வந்துவிட்டது என்று எனக்குப் பயமாகிவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்துக்கொண்டே வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒருநாள் ராத்திரி நானே சேர்த்துவைத்துவிடுவது என்று தீர்மானித்து, சித்தியின் மடியிலிருந்து போனை எடுத்துச் சித்தப்பா பெயரை அழுத்தப் போனேன். சித்தி பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டாள்.

"வேணாம்டி. இப்ப அங்க ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்கும்" என்றாள்.

கோபமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. யாரோ தூங்கும் அறையில் பேசுவதுபோல் சொன்னாள். பேசவே விடாத ஒரு ஆட்டத்தை நினைத்துக்கொண்டு சித்தியால் எப்படி இவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருக்க முடிகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.