வாசல் வழியே வந்த ராக்கன்

குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே நாலு மைலில் மேலக்குறிச்சி. அந்த ஊரில் கல் உடைத்துப் பிழைத்தவர் ராக்கன். 1949-இல் அவருக்கு வயது நாற்பத்திரண்டு அல்லது நாற்பத்து மூன்று. பிறந்த தேதியை யாரும் குறித்து வைக்கவில்லை. கண்மாய் உடைந்த வருஷம் என்று மட்டும் ஆத்தா சொல்லியிருந்தாள். உயரம் ஐந்தடி மூன்றங்குலம். இடது கைப் பெருவிரலில் நகம் கிடையாது. கல்லைத் தட்டினால் எழும் சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

ஊர்ச் சிவன் கோவில் பாறைச் சரிவில் இருந்தது. பாறையைக் குடைந்து எடுத்த கருவறை. அதன் முன்னால் பிற்காலத்தில் கட்டிய பன்னிரண்டு தூண் மண்டபம். சுற்றிலும் சாந்து இல்லாமல் அடுக்கிய கல் மதில். ராக்கனின் சேரியிலிருந்து யாரும் அதற்குள் சாமி கும்பிடப் போனதில்லை. ஆனால் கல்வேலைக்குப் போயிருந்தார்கள். அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வடக்கு மதிலில் ஏழு கல்லைப் பெயர்த்துச் சந்து விட்டு, அதன் வழியே நுழைய வேண்டும். வேலை முடிந்ததும் அதே வழியில் வெளியேறி, அதே ஏழு கல்லையும் அடுக்கி மூடிவிட வேண்டும். மறுநாள் தீர்த்தம் தெளித்துக் கோவிலுக்குத் தீட்டுக் கழிப்பார்கள்.

ராக்கனின் அப்பா அப்படி மூன்று முறை போனவர். ராக்கன் ஒரு முறை, 1938-இல், படிக்கல் மாற்றப் போனார். குனிந்து போய்க் குனிந்தே திரும்பினார். தூணில் என்னென்ன செதுக்கியிருக்கிறது என்று மனைவி காத்தாயி கேட்டபோது அவருக்குப் பதில் தெரியவில்லை.

ராஜாவின் சமஸ்தானம் கலைந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கோவில் எல்லாருக்கும் பொது என்று சட்டம் வந்து, தண்டோராவும் போட்டாயிற்று. மேலக்குறிச்சியில் மட்டும் அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

1949 ஜூன் 7, செவ்வாய்க்கிழமை. கோவில் தர்மகர்த்தா ஆத்மநாதன், ராக்கன் கல் உடைக்கும் பாறைக்கு வந்தார். கூடவே ஊர்ப் பெரியவர் வீரய்யா.

"ராக்கா, மண்டபத்து உத்தரக் கல்லு விரிஞ்சிருச்சு. ஆனித் திருமஞ்சனத்துக்குள்ள முட்டுக் குடுக்கணும். காலையில வடக்கு மதிலத் தொறந்துக்கிட்டு வந்துரு" என்றார் ஆத்மநாதன்.

"வாரேங்கய்யா. வாசல் இருக்கையில மதில எதுக்குங்க பேக்கணும்?"

"என்னடா, புதுசாப் பேசுற?"

"வாசலு பழசுதானுங்களே."

வீரய்யாவுக்கு முகம் சிவந்தது. "கல்லொடைக்கிற பயலுக்கு வக்கீல் வேலை எதுக்கு?"

ராக்கன் சம்மட்டியைக் கீழே வைத்தார். "மொத நா நானும் எம் பொண்டாட்டியும் தேங்கா பழத்தோட வந்து சாமி கும்புடுவோம். மண்டபத்தச் சுத்திப் பாப்போம். வேலை மறுநாத்தான். ரெண்டையும் ஒரே நாளுல வச்சா, வேலைக்குத்தான் வந்தான்னு சொல்லிப்புடுவீங்க."

பாறை ஆத்மநாதனின் பட்டாவில் இருந்தது. "அப்ப நீ இதுல உளி வைக்க வேணாம்" என்றார் அவர்.

அன்றோடு வேலை நின்றது. காத்தாயி முந்திரிக் காட்டில் சுள்ளி பொறுக்கி விற்றாள். ஒரு வேளைக் கூழ்தான். வீரய்யா வெளியூரிலிருந்து இரண்டு கல்தச்சர்களை அழைத்து வந்தார். அவர்கள் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். இதற்கடியில் நிற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

பதினோராம் நாள் ராக்கன் தளர்ந்தார். "இந்த ஒரு தடவ சந்து வழியாவே போயிட்டு வந்துரட்டுமா?"

"போறதுன்னா போய்யா" என்றாள் காத்தாயி. "இன்னைக்கு நீ அந்தக் கல்லப் பேத்தா, ஒம் பேரனும் அதத்தான் பேக்கணும். நான் கூழக் கொறைச்சுக் காச்சுறேன்."

ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆத்மநாதன் தனியாக வந்தார். விரிசலில் இப்போது விரல் நுழைகிறது என்றார். "நாளைக்கு வா. வாசல் வழியாவே வந்து தொலை. பாத்தமா, போனமான்னு இருக்கணும்."

மறுநாள் காலை எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு ராக்கனும் காத்தாயியும் கிழக்கு வாசல்படியை மிதித்தார்கள். ஆத்மநாதனும் வீரய்யாவும் மண்டபத்து ஓரத்தில் நின்றார்கள். குருக்கள் கற்பூரம் காட்டினார். திருநீற்றைக் கை படாமல் மேலிருந்து போட்டார். இருவரும் பூசிக்கொண்டார்கள்.

பிறகு ராக்கன் தூண் தூணாக நின்று பார்த்தார். யாளி, அன்னம், காலைத் தூக்கி ஆடும் ஒரு பெண். காத்தாயி விரலால் அவள் காலில் செதுக்கிய சலங்கையைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்பதாம் தூணின் பின்புறம், அடியில், யாரும் இழைக்காமல் விட்ட பகுதியில் வரிசையாக ஐந்து குழிகள் இருந்தன. பாறையைப் பிளக்க ஆப்பு அடிக்கும் குழிகள். ராக்கன் கையால் அளந்தார். குழிக்குக் குழி நாலு விரல்.

"இந்தா பாரு புள்ள. நான் போடுற குழிதான். அதே கணக்கு."

"யாரு போட்டதோ?"

"நம்மள மாதிரி ஒருத்தன்தான். அவன எந்த வழியா உள்ள விட்டாய்ங்களோ?" அவர் அதைத் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை.

"பாத்தாச்சுல்ல? கெளம்புங்க" என்றார் வீரய்யா.

காத்தாயி மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்தாள். "சாமி கும்புட்டா செத்த நேரம் உக்காந்து எந்திரிச்சுத்தாங்க போகணும். நீங்களும் அப்புடித்தானே?"

"ஏய், அங்கிட்டுத் தள்ளு! ஒந் தலைக்கு மேலதான் உத்தரம் விரிஞ்சு கெடக்கு!" ஆத்மநாதன் கத்தினார்.

ராக்கன் தூணைக் கை முட்டியால் இரண்டு தட்டு தட்டிக் காது கொடுத்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"இன்னைக்கு விழுகாதுங்க. நாளைக்கு ஏழு மணிக்கு முட்டுக் குடுக்க வாரேன். இதே வாசல் வழியாத்தான்."

சொல்லிவிட்டுக் காத்தாயி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வீரய்யா இரண்டு முறை கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். காத்தாயி பழத்தை உரித்தாள். ஆளுக்குப் பாதி தின்றார்கள். அவர்கள் எழுந்தபோது மணி ஒன்பதே கால்.