மாமாவிடம் பேர் கேட்டார்கள்

ஈர மிலாறு எரிகிற புகை எங்கிருந்து வந்தாலும் இன்றைக்கும் எனக்குத் தொண்டை கமறும். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சிகளைத்தான் எங்கள் தோட்டத்தில் ‘மிலாறு’ என்போம். ஓப்பநாயக்கவுக்கு மேலே எங்கள் மலை முழுவதும் கவ்வாத்து வெட்டிய அந்த வருஷம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து அடுப்புகளிலெல்லாம் அதுதான் எரிந்தது. அந்தப் புகைக்குள்தான் ஒரு நாள் அம்மாவின் தம்பி, சிவா மாமா, பச்சை நிறப் பையொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தார். போர் முடிந்து ஆமியிலிருந்து முறைப்படி விடைபெற்று வந்திருந்தார். கை கால் எல்லாம் முழுசாக இருந்ததால், லயமே கூடி நின்று அவரைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘ஒண்ணும் ஆகல’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனது.

தோட்டத்துப் பையன் ஆமிக்குப் போன அதிசயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமா படித்தது சிங்களப் பள்ளிக்கூடத்தில். அவர் சிங்களம் பேசினால் தமிழன் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. கூடப் படித்தவர்கள் சேர்ந்தார்கள், இவரும் கிரிக்கெட் ஆடப் போகிற மாதிரி அவர்களோடு போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்பி வந்தபோது டவுன் கடைக்காரர்கள் ‘ரணவிருவா’ என்று வீரனுக்குரிய பட்டம் கொடுத்து இலவசமாக டீ கொடுத்தார்கள். லயத்துக்காரர்கள் முகத்துக்கு நேரே ‘ஆமிக்காரரு’ என்றும், முதுகுக்குப் பின்னால் வேறு விதமாகவும் சொன்னார்கள்.

எங்கள் மலைக்கு எதிரே கல் உடைக்கும் இடம் ஒன்று இருந்தது. மத்தியானம் அங்கே வெடி வைப்பார்கள். நாங்கள் பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சோறு கேட்போம். மாமா அந்தச் சத்தத்துக்குத் தேயிலைக்கு நடுவே ஓடுகிற வடிகாலான கானுக்குள் குப்புற விழுந்து, சேற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்துவார். கொழுந்து எடுக்கிற பெண்கள் முதலில் பயந்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அதுவும் அலுத்துப்போய் ‘பிஸ்ஸு’ என்றார்கள். பைத்தியம் என்பதைத் தமிழில் சொல்வதைவிடச் சிங்களத்தில் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைப்பு.

அம்மாதான் அவரைப் பெரிய ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன். அங்கே பெஞ்சில் மாமா வயதுக்காரர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கதவு சாத்துகிற சத்தத்துக்கெல்லாம் எழுந்து நின்றார். டாக்டரம்மா நல்லவர். பொறுமையாகக் கேட்டார். மாமா சரளமாகப் பேசுகிற அதே சிங்களத்தில் திக்கித் திக்கி ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டார். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

பஸ்ஸில் வரும்போது அம்மா கடிந்துகொண்டாள்.

“வாயத் தொறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடா தம்பி?”

“அது தமிழ்ல நடந்தது அக்கா. சிங்களத்துல சொல்ல வரமாட்டேங்குது. அடுத்த தடவைக்குத் தமிழ் தெரிஞ்ச ஒரு டாக்டர வரச் சொல்றேன்னாங்க. அவருகிட்டச் சொல்லிர்றேன்.”

அந்த ‘அடுத்த தடவை’யைத்தான் மாமா நம்பிக்கொண்டிருந்தார். மாத்திரை கேட்டது. உறங்கினார். கத்துவது குறைந்தது. ஆனால் விடிந்து வெகுநேரம் வரை எழும்பமாட்டார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகாத ஆம்பிளையைத் தோட்டம் மன்னிக்காது. ‘மாத்திரையத் தின்னுட்டு அது உள்ளுக்குள்ள நல்லாப் படுத்துக்கிருச்சு’ என்றார்கள் அக்கம்பக்கத்தார். ‘அது’ என்றால் பேய். சண்டையில் செத்தது ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று லயம் முழுவதும் முடிவாகிவிட்டிருந்தது. அம்மா கொஞ்சநாள் எதிர்த்துப் பேசினாள். தண்ணீர்ப் பீலியில் மற்றப் பெண்கள் அவளைக் கண்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கத் தொடங்கிய பிறகு, அவளுக்கும் அந்த நம்பிக்கை வந்துவிட்டது. அம்மாவுக்குத் தம்பி மேல் உயிர். அந்த உயிர்தான் அவரைப் பேயோட்டுகிறவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

அடுத்த கிளினிக் நாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, உச்சி நேரம், தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து கோடங்கி வந்தார். உடுக்கடித்துப் பேய் ஓட்டுகிறவரை அப்படித்தான் சொல்வோம். மாமா வரமாட்டேன் என்றுதான் சொன்னார், அம்மா அழுதாள், வந்து உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். லயத்து வாசலில் முழங்கால் போடவைத்து, முடியைக் கொத்தாகப் பிடித்துக் குனியவைத்தார்கள். அடிப்பதற்கு வேப்பங்கொத்து கிடைக்கவில்லை என்று, அடுப்புக்கு அடுக்கியிருந்த மிலாறையே கட்டாக எடுத்துக் கொடுத்தார்கள்.

எங்கள் வழக்கத்தில் பேயைச் சும்மா விரட்டிவிட முடியாது. முதலில் அது தன் பேரைச் சொல்ல வேண்டும், பிறகு ஊரைச் சொல்ல வேண்டும், எப்படிச் செத்தது, என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை அடி. உடுக்குச் சத்தம் காதைப் பிளந்தது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மாமா, கோடங்கி தமிழில் அந்தக் கேள்வியைக் கேட்டதும் தலையை நிமிர்த்தினார்.

“பேரச் சொல்லு! எந்த ஊரு நீ?”

“சுதா” என்றார் மாமா.

கூட்டம் ‘ஹோ’ என்றது. பொம்பளப் பேய்!

பிறகு மாமா சொன்னதையெல்லாம் நான் பக்கத்தில் நின்று கேட்டேன். சண்டையிலிருந்து தப்பி ஓடிவருகிற சனங்களிடம் பேர் என்ன, ஊர் என்ன என்று தமிழில் கேட்கிற வேலையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

“நான்தான் கேட்டேன். பேரு சுதான்னு சொல்லுச்சு. சின்னப் புள்ள. ஊரு கேட்டேன். ஊரச் சொல்லாம, தண்ணி வேணும் அண்ணான்னுச்சு. தண்ணி எடுக்கப் போனேன். வர்றதுக்குள்ள ஷெல்லு விழுந்திருச்சு. போத்தலோட நிக்கிறேன். புள்ள இல்ல.”

டாக்டரம்மாவிடம் சிங்களத்தில் சொல்ல வராதது இதுதான். முழுசாக, கோர்வையாக, ஒரு வார்த்தை பிசகாமல் தமிழில் சொல்லிவிட்டார். லயமே திரண்டு நின்று கேட்டது. ஒருவர் காதிலும் அது மாமாவின் குரலாக விழவில்லை.

“தண்ணி கேக்குது! ஊத்து!” என்று கத்தினார் கோடங்கி. குடம் குடமாகக் கொண்டுவந்து தலையில் ஊற்றினார்கள். அம்மாவும் ஊற்றினாள். மூச்சு முட்டித் திணறிக்கொண்டே மாமா, “அக்கா, நான்தான் பேசுறேன், அக்கா, நான்தான்” என்றார். பேய் ஏமாற்றப் பார்க்கிறது, நம்பாதே என்று கோடங்கி அம்மாவை எச்சரித்தார். அம்மா நம்பவில்லை.

“போறியா?”

அடி.

“போறியா, இல்லியா?”

“போறேன்” என்றார் மாமா.

அவர் முடியில் ஒரு கொத்தை வெட்டிப் பலா மரத்தில் ஆணி வைத்து அடித்தார்கள். மாத்திரைகளைக் கானில் கொட்டச் சொன்னார்கள், அம்மா கொட்டினாள். கிளினிக் நாளன்று பஸ் வழக்கம்போல் கீழ் ரோட்டில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ‘இனி எதுக்கு?’ என்றாள் அம்மா. சொல்ல வேண்டியதைச் சொன்னதற்கு என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட மாமாவுக்கு, ‘போறேன்’ என்பதற்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. வெடிச் சத்தத்துக்கும் அவர் கத்துவதில்லை; கண்ணை மட்டும் இறுக மூடிக்கொள்வார். கோடங்கியின் புகழ் பலாங்கொடை வரைக்கும் பரவியது. எங்கள் லயத்தில் பிள்ளைகளைப் பயமுறுத்த, சோறு தின்னாவிட்டால் சுதா வந்துவிடும் என்றார்கள். யார் பெற்ற பிள்ளையோ, அதைக்கூட விட்டுவைக்கவில்லை எங்கள் சனம்.

இப்போது அந்த லயம் இல்லை. இடித்துவிட்டுத் தனித்தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். கல் உடைக்கிற இடத்தில் தண்ணீர் தேங்கி அல்லி பூத்துக் கிடக்கிறது. கோடங்கி செத்துப்போய்விட்டார். அவர் உடுக்கை எந்தப் பேரப்பிள்ளை எங்கே போட்டதோ தெரியாது. போன மாதம் நான் பிடிவாதமாக மாமாவை மறுபடி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவும் வந்தாள். “இப்பல்லாம் ஒரு தொந்தரவும் இல்ல, சொன்னபடி கேட்டுக்குவான்” என்று பெஞ்சில் பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை டாக்டர் தமிழர். சின்ன வயது. மாமாவைப் பார்த்து எழுந்து, நாற்காலியைத் தானே இழுத்துப்போட்டு, எங்கள் தமிழிலேயே கேட்டார்.

“ஐயா, உங்க பேரு என்னாங்க? எந்த ஊரு நீங்க?”

மாமா நாற்காலியை விட்டு எழுந்தார். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, தரையில் முழங்கால் போட்டு, முதுகை டாக்டர் பக்கம் காட்டிக் குனிந்துகொண்டார்.

“முதுகுல வலிங்களா?” என்றார் டாக்டர். அம்மா அவசரமாக “ஆமாங்க” என்றாள். நான் அவளைப் பேசவிடவில்லை. எல்லாவற்றையும் நானே சொன்னேன். டாக்டர் ஒரு வார்த்தைகூடக் குறுக்கிடாமல் கேட்டார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு கேட்க வேண்டியவர் வந்துவிட்டார். சொல்ல வேண்டியவர் முதல் அடிக்காகக் காத்துக்கொண்டு தரையில் குனிந்திருந்தார்.