பாதியில் நின்ற கொட்டு

தொண்டியிலிருந்து ஆர்.எஸ்.மங்கலம் வழியாக இராமநாதபுரம் போகும் பேருந்தில் இருந்தபோதுதான் முத்துமாரியின் போன் வந்தது. "சார், ராக்காயி மேடம் போயிட்டாக. காலையில காபி போட எந்திரிச்சவுக அப்படியே உக்காந்துட்டாகளாம்," என்றாள். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். எடுத்த டிக்கெட்டுக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கிறதே என்று நடத்துனர் சத்தம் போட்டார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அங்கிருந்து கண்மாய்க்கரை வழியாக நடந்தால் ராக்காயி அம்மாவின் ஊருக்குப் போய்விடலாம் என்பது மட்டும் தெரிந்தது.

எங்கள் கல்லூரியில் படித்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உளவியல் பேராசிரியை. டாக்டர் ராக்காயி என்று பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ஒரு நொடி தயங்குவார்கள். பேரை மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேட்ட ஒருவரிடம், எங்கள் குலசாமிக்குக் கோபம் வந்தால் நீங்கள் வந்து சமாதானம் பண்ணுவீர்களா என்று திருப்பிக் கேட்டார். சாமி நம்பிக்கை உள்ளவரா இல்லாதவரா என்று இத்தனை வருடம் பக்கத்து அறையில் இருந்த எனக்கே தெரியாது. கேட்டால் சிரிப்பார்.

பல்கலைக்கழகத்தில் மல்லுக்கட்டி அவர் கொண்டுவந்த விருப்பப் பாடம்தான் 'இசையும் மூளையும்'. ஆசிரியர் அறையில் அதற்குப் பாட்டு கிளாஸ் என்று பேர். விலங்கியல் வாத்தியாரான என்னை மூளைப் பகுதியை நடத்த இழுத்துப் போட்டார். கசாப்புக்கடையில் ஆட்டு மூளை வாங்கி வந்து தட்டில் வைத்து, காது வழியாக வரும் சத்தம் எங்கெங்கே போகிறது என்று நான் காட்டுவேன். ஏன் அழுகை வருகிறது, ஏன் கால் தாளம் போடுகிறது என்பதை அவர் நடத்துவார். "பிடிச்சிருக்குன்னு சொல்லாதே. எங்கன பிடிச்சுச்சு, அதைச் சொல்லு," என்பது அவர் மாணவர்களிடம் ஓயாமல் சொல்வது.

அந்தப் பாடத்துக்கு என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். மாதக் கடைசி வகுப்பில் ராக்காயி அம்மா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். மாணவர்கள் ஒவ்வொருவராக மேடை ஏறி, பாடத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அவர் பதில் சொல்ல மாட்டார், நன்றியும் சொல்ல மாட்டார். தாலாட்டைப் பற்றிப் பாடம் நடத்திய அன்று நன்றாகத் தூங்கினேன் என்று உப்பூர்ப் பையன் ஒருவன் சொன்னான். விலங்கியல் சாருடைய ஆட்டு மூளையைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் கறி சாப்பிட முடியவில்லை என்று இன்னொருத்தி சொன்னாள். நான் ரோசப்பட்டு விளக்கம் சொல்ல எழுந்தேன். "சார், கருத்துக்குப் பதில் சொன்னா அடுத்த தடவை நிஜத்தைச் சொல்ல மாட்டாக. வெளிய நில்லுங்க," என்று என்னையே வெளியே அனுப்பினார். இத்தனை மாணவர்கள் முன்னால்! ஒரு வாரம் அவருடன் பேசவில்லை.

இப்போது எல்லோரும் அரையும் குறையுமாகக் கேள்விப்பட்டிருக்கும் அந்தச் சம்பவத்துக்கு வருகிறேன். கூடவே இருந்தவன் என்பதால் முழுதாகச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

முத்துமாரி அப்போது கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஊர் ராக்காயி அம்மாவின் ஊருக்கு அடுத்த ஊர். அந்த ஊர்க் கருப்பர் கோயிலில் சாமியை வரவழைக்க ஒரு கொட்டு உண்டு. உறுமியும் மேளமும் சேர்ந்து வாசிப்பது. அழைப்புக் கொட்டு என்பார்கள். கோயில் எல்லையைத் தாண்டி அதை வாசிக்கக் கூடாது. கொட்டுக்காரர்கள் பழகும்போதுகூடத் தோலில் அடிக்க மாட்டார்கள், தொடையில் தட்டித்தான் பழகுவார்கள். ராக்காயி அம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே முறையாகப் போய், திருவிழாவில் டேப்பில் பிடித்துக்கொள்ளலாமா, வகுப்பில் போடலாமா என்று கொட்டுக்காரர்களிடமே கேட்டார். அவர்கள் கலந்து பேசி, கட்டுப்பாடெல்லாம் கொட்டுக்குத்தான், டேப் பெட்டிக்கு ஏது கட்டுப்பாடு என்று சம்மதம் சொன்னார்கள். அவரும் அதை ஒத்துக்கொண்டார். தோல் அதிர்ந்தால்தான் சாமி வரும் என்று பேராசிரியையும் நினைத்தார், கொட்டுக்காரர்களும் நினைத்தார்கள். அந்த மண்ணில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

தாளமும் உடம்பும் என்ற பாடம். டேப்பைப் போட்டார். உறுமி இழுக்கத் தொடங்கியதும் தொண்டிப் பையன்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். கொட்டு ஏறியது. முத்துமாரி எழுந்து நின்றாள். அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சு பின்னால் சாய்ந்து விழுந்தது. பின்னல் அவிழ, கண் மேலே செருக, நின்ற இடத்திலேயே உடம்பு குலுங்க ஆரம்பித்தது. அவள் ஊர்ப் பக்கத்து மாணவர்கள் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பினார்கள். சிரித்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ராக்காயி அம்மா ஓடிப்போய் டேப்பை நிறுத்தினார்.

அது இரண்டாவது தப்பு. வந்த சாமி மலையேறும் வரை, அதாவது முறைப்படி திரும்பிப் போகும் வரை, அந்தக் கொட்டை நிறுத்தக் கூடாது. அவள் அப்படியே மடங்கி விழுந்தாள். நான் ஆய்வுக்கூடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தெளித்தேன். கண்ணைத் திறந்தாளே தவிர, அன்று முழுதும் பேச்சு வரவில்லை. உடம்பில் ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருந்தது. அவளைக் கைத்தாங்கலாகப் பேருந்தில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டவர் ராக்காயி அம்மாதான்.

மறுநாள் காலையில் கல்லூரி வாசலில் டிராக்டர் வந்து நின்றது. ஊர்க்காரர்களோடு முத்துமாரியின் அப்பா கருப்பையாவும் இறங்கினார். கூட வந்தவர்கள் சாமியைப் பெட்டியில் அடைத்த பொம்பளை யார் என்று கத்தினார்கள். கருப்பையா கத்தவில்லை. எனக்கு அவரைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது. அவருடைய அண்ணன்தான் அந்தக் கோயிலின் சாமியாடி. அவர் இறந்த பிறகு சாமி யார் மேல் இறங்கும் என்று ஊரே காத்திருந்தது, யார் மேலும் இறங்கவில்லை. "என் அண்ணன் மேல இருந்த சாமி இப்பத்தான் வந்திருக்கு. பரீட்சை இருக்கு, பெறகு வான்னு சாமிகிட்ட நான் சொல்ல முடியுமா சார்?" என்று முதல்வரிடம் கேட்டார். சாமியாடி ஆகிவிட்டால் விரதத்தோடு ஊர் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். தினமும் பேருந்து ஏறி இராமநாதபுரம் வந்து படிப்பதெல்லாம் நடக்காது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணின் படிப்பு கடைசி வருடத்தில் முடியப்போகிறது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது.

பாடத்தைத் தொடரலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகக் குழு ஒன்று எப்படியும் வருவதாக இருந்தது. முதல்வர் பதறிப்போய் அதை முன்கூட்டியே வரவழைத்தார். மாணவர்களின் கருத்தை நேரில் கேட்டு முடிவு செய்வோம் என்றது குழு. தானும் வந்து உட்காருவேன் என்றார் கருப்பையா.

குழு வருவதற்கு முந்தின நாள் மாலை ராக்காயி அம்மாவின் வீட்டுக்குப் போனேன். முத்துமாரியைப் பார்த்துப் பேசுங்கள், மயக்கம்தான் வந்தது என்று சொல்லச் சொல்லுங்கள், உங்கள் பாடமும் பிழைக்கும், அவள் படிப்பும் பிழைக்கும் என்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவர் கவனிக்கவே இல்லை. "அவ கருத்தை நான் சொல்லிக் குடுத்தா அது என் கருத்து சார். அவ அய்யா முன்னாடி, ஊரு முன்னாடி பொய் சொல்லிட்டு அந்தப் புள்ள எங்கன போய் நிக்கும்?" என்றார். கொள்கை பேச இதுவா நேரம் என்று எரிந்து விழுந்துவிட்டு வந்தேன்.

குழு அதே வகுப்பறையில்தான் கூடியது. ராக்காயி அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அதைத் தாண்டிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, கருப்பையாவும் அதே பெஞ்சின் மறுமுனையில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாணவர்கள் மேடை ஏறினார்கள். நல்ல பாடம் என்றான் ஒருவன். பயமாக இருக்கிறது, தெரிந்திருந்தால் சேர்ந்திருக்க மாட்டேன் என்றாள் ஒருத்தி. பாட்டைக் கேட்டு நான் ஏன் அழுகிறேன் என்று இந்த வகுப்புக்கு வந்துதான் யோசித்தேன் என்றான் அந்தத் தூங்கிய உப்பூர்ப் பையன்.

கடைசியாக முத்துமாரி. மேடையில் ஏறியதும் குழுத் தலைவர், வந்தது சாமியா, மூளையில் ஏற்பட்ட கோளாறா, ஒரே வார்த்தையில் சொல்லம்மா என்றார். சாமி என்றால் படிப்பு போகும். மூளை என்றால் அப்பா ஊரில் தலை காட்ட முடியாது. அவள் கைகள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தன. நான் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். ராக்காயி அம்மா கண்ணால்கூட ஒரு குறிப்புக் காட்டவில்லை.

"எனக்குத் தெரியல சார்," என்றாள் முத்துமாரி. "பெரியப்பா செத்தப்ப எனக்கு அழுகை வரல. அந்தக் கொட்டு கேட்டதும் அவரு எனக்குள்ள நின்னு ஆடுற மாதிரி இருந்துச்சு. அது சாமியான்னு தெரியல." பிறகு கடைசி பெஞ்சில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். "அய்யா, கோயில்ல வச்சுக் கொட்டச் சொல்லுங்க. நான் வந்து நிக்கிறேன். சாமி வந்துச்சுன்னா ஏத்துக்கிறேன். வரலேன்னா பரீட்சை எழுதுவேன்."

சொல்லி முடித்தும் அவள் மேடையை விட்டு இறங்கவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்து, "மேடம் மேல எனக்கு ஒரு குறை இருக்கு. கொட்டைப் பாதியில நிப்பாட்டிட்டாக. அதான் எனக்கு இன்னும் அடங்கல," என்றாள்.

எல்லோரும் திரும்பி ராக்காயி அம்மாவைப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பதறித்தான் நிறுத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் பதில் சொல்லவில்லை, கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. மறுமுனையில் இருந்த கருப்பையா எழுந்து, வருகிற வெள்ளிக்கிழமை கொட்டு வைக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பகலில் நானும் ராக்காயி அம்மாவும் அந்தக் கோயில் பொட்டலில் நின்றோம். எங்களை முறைத்தவர்களே அதிகம். முத்துமாரி குளித்த ஈரத்தோடு கருப்பருக்கு எதிரே நின்றாள். கொட்டு தொடங்கியது. டேப்பில் கேட்டது ஒன்றுமே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, என் வயிறே அதிர்ந்தது. உறுமி ஏற ஏற அவள் கால்விரல்கள் மண்ணைப் பற்றின. தோள் ஒரு முறை வெட்டியது. ராக்காயி அம்மா என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று, எந்தச் சாமியையும் கும்பிடாத நான், யாரையோ வேண்டிக்கொண்டேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். "பெரியப்பா, பெரியப்பா" என்று சொல்லிச் சொல்லி நின்ற இடத்திலேயே அழுதாள். ஆடவில்லை. கொட்டுக்காரர்கள் நிறுத்தவில்லை. ஏற்றி, இறக்கி, முறைப்படி கொண்டுவந்து முடித்தார்கள். முடிந்தபோது அவள் உடம்பில் அந்த நடுக்கம் இல்லை. பூசாரி அவள் நெற்றியில் விபூதி பூசி, "அடங்கிருச்சு. புள்ள படிக்கட்டும் கருப்பையா," என்றார். கருப்பையா மகள் தலையைத் துண்டால் துவட்டிவிட்டார்.

பாடம் தப்பவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று ராக்காயி அம்மா வருத்தப்பட்டார், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேருந்தில் வரும்போது, "அவ சொன்ன குறை சரிதான் சார்," என்றார். முத்துமாரியிடம் அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அவர் விதி அப்படி. அதற்குப் பிறகு எந்தப் பாட்டையும் அவர் பாதியில் விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. தேநீர்க் கடை ரேடியோவில் பாட்டு ஓடினால் முடியும் வரை நிற்பார். அதனால் எங்களுக்குத் தவறிய பேருந்துகள் ஏராளம். நான் திட்டாத நாள் கிடையாது.

முத்துமாரியின் போன் வந்த அன்று மாலை, ராக்காயி அம்மாவின் வீட்டு வாசலில் பாடையை எடுக்கிற நேரம். பொழுது சாய்கிறது என்று பங்காளி ஒருவர் சாவுக்கொட்டை நிறுத்தச் சொல்லிக் கொட்டுக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர்களும் குச்சியைத் தாழ்த்தினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து முத்துமாரி எழுந்து முன்னால் வந்தாள். இப்போது திருவாடானையில் ஒரு பள்ளியில் ஆசிரியை அவள். "நிப்பாட்டாதீக. முடிச்சிட்டுத் தூக்குங்க," என்றாள். பங்காளிக்குக் கோபம் வந்தது. அவர் பேசுவதற்குள், பாடையைத் தூக்கக் குனிந்தவர்களைக் கருப்பையா கை காட்டித் தடுத்தார். வயதாகிவிட்டது அவருக்கு. கொட்டு மறுபடி ஏறி, இறங்கி, தானாக முடிந்தது. அதுவரை ஊர் மொத்தமும் நின்றது.

ராக்காயி அம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த நிற்றல்தான். இப்போதெல்லாம் தேநீர்க் கடையில் பாட்டு முடியும் வரை நிற்கிறேன், பேருந்து போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். நான் திட்டியதற்கெல்லாம் அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. கேட்டாலும் கடைசி பெஞ்சிலிருந்து பதில் வராது.