அட்டைப் பொத்தான்

புதுச் சப்பாத்துப் பெட்டியைப் பிரித்தபோது அட்டையின் மணம் மூக்கில் ஏறியது. உடனே உயிலங்குளத்து வாய்க்கால் வரம்பு நினைவுக்கு வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

மன்னார் நகரில் ஒரு வாடகை அறைதான் அப்போது எங்கள் கந்தோர். நானும் என் கூட்டாளி ஜெனிற்றாவும் கைபேசிச் செயலிகள் செய்தோம். செய்யப்போவதாகப் பீற்றிக்கொண்டோம் என்பதே சரி. எதையும் செய்வதற்கு முன் பாவிக்கப்போகிறவர்களிடம் காட்டிப் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தோம். எனவே சப்பாத்துப் பெட்டியைக் கைபேசி அளவுக்கு வெட்டி, பேனையால் பொத்தான்கள் வரைந்துகொண்டு கிளம்பினோம். கட்டுக்கரைக் குளத்தில் தண்ணீர் திறந்ததும் வயல் செய்யும் கமக்காரருக்குச் செய்தி போகும், அதுதான் யோசனை.

வாய்க்காலின் கடைசி வயல் மகேஸ் அக்காவுடையது. இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, தகப்பனின் காணியில் அவர் விதைத்த முதல் நெல். கதிர் வரவேண்டிய நேரத்தில் மண் வெடித்துக் கிடந்தது. நாங்கள் விளக்க விளக்க அவர் “ஓம்... ஓம்...” என்று தலையாட்டினார். ஜெனிற்றா துள்ளாத குறை. திரும்பும் வழியில் தேநீர் குடித்துக் கொண்டாடினோம்.

அடுத்த கிழமை, மெருகேற்றிய அட்டையைக் கொடுத்தால் அக்கா அதை ஓரமாக வைத்துவிட்டார்.

“போனமுறை ஓம் எண்டு சொன்னீங்களே, அக்கா?”

“நீங்கள் கதைக்கேக்க நான் கேக்கிறன் எண்டு காட்ட வேணுமெல்லோ, பிள்ளை! தண்ணி திறந்தா எல்லாருக்கும் தெரியும். எனக்கு வந்து சேரேல்லை எண்டதுதான் ஒருத்தருக்கும் தெரியாது.”

எனக்கு அசடு வழிந்தது. அங்கேயே அட்டையைத் திருப்பி, ஒரேயொரு பொத்தான் வரைந்தேன்: ‘எனக்குத் தண்ணி வரேல்லை’. அக்கா பெருவிரலை ஊன்றி அழுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“இப்ப இது ஆருக்குப் போகும்?”

வெறும் அட்டை என்று ஜெனிற்றாதான் மெல்லச் சொன்னாள். அக்கா சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. வாய்க்கால் பார்ப்பவரைத் தேடிப் பிடித்துச் சொன்னோம். அவரும் தண்ணீரை விட்டார். அதற்குள் பயிர் கருகிவிட்டது.

இப்போது கொழும்பில் இருந்துகொண்டு புதுச் செயலிகளின் இணைப்பை அனுப்பிச் சோதிக்கிறேன். மதிப்பெண்ணாக நட்சத்திரங்கள் வருகின்றன, ஒரு முகமும் வருவதில்லை. அந்த முகங்கள் இல்லாதது எனக்குப் பெரிய குறைதான்.

அந்தப் பொத்தானை அடுத்த போகத்தில் உண்மையாகவே செய்து முடித்தோம். மகேஸ் அக்கா அதை அழுத்தவேயில்லை. காணியை விற்றுவிட்டு மறுபடியும் கடல் கடந்து போய்விட்டார். அவருடைய வயலில் இப்போது வேறு யாரோ விதைக்கிறார்கள். தண்ணீர் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதாம்.